தொக்கணம் பழகும் மாணவர் வார்டில் நடந்துகொள்ள வேண்டிய முறை

வகுப்பறையில் தொக்கணம் என்ற சித்த மருத்துவ உடல் பிடித்துவிடும் முறையைப் பழகுவது எளிது. சக மாணவர்தான் மேசையில் படுத்திருப்பார். வலித்தால் கத்துவார், கூச்சமாக இருந்தால் கையைத் தட்டிவிடுவார். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று சித்த மருத்துவம் சொல்லும் ஒன்பது வகையையும் அவர் மேல் செய்து பார்த்துத் தேறிவிடலாம். வார்டுக்கு அனுப்பப்பட்ட முதல் நாளே நிலைமை மாறிவிடும். அங்கே படுத்திருப்பவர் வலித்தாலும் வாய் திறக்க மாட்டார்.

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலோ காலை ஓ.பி. வரிசையைப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, சீட்டு வாங்கி, டாக்டரைப் பார்த்து, தெரபி அறை வாசலில் பெஞ்சில் காத்துக் கிடந்துதான் ஒருவர் உள்ளே வருகிறார். காசு வாங்காமல் செய்கிறார்கள், இதில் குறை சொன்னால் நாளைக்கு முகம் கொடுக்க மாட்டார்களோ என்ற பயம் அவருக்கு இருக்கிறது. வெள்ளைக் கோட்டு போட்டவர் எல்லாரும் அவர் கண்ணுக்கு டாக்டர்தான். போதாக்குறைக்கு, வலிக்க வலிக்கப் பிடித்தால்தான் வாதம் இறங்கும் என்று ஊரில் நாலு பேர் சொல்லி அனுப்பியிருப்பார்கள். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார். கேட்டால், "பரவாயில்லப்பா, நீ செய்" என்பார்.

பயிற்சிக் காலத்தில் உங்களிடம் எதிர்பார்க்கப்படும் ஒழுங்குகள் எல்லாம் இந்த மௌனத்திலிருந்துதான் பிறக்கின்றன. நேரத்துக்கு வருவது, நகம் வெட்டுவது, கேஸ் ஷீட் எழுதுவது எல்லாம் பட்டியலில் உண்டு. ஆனால் உங்கள் கைக்குக் கீழே இருப்பவரால் "போதும், நிறுத்து" என்று தயங்காமல் சொல்ல முடிகிறதா? மதிப்பெண் போடுகிறவர் வேறெதையும் பார்க்கும் முன் இதைப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கையின் பதம் ஆறு மாதத்தில் வந்துவிடும். இதை முதல் வாரத்திலேயே பழகாதவர்கள் பிறகு பழகுவது அரிது.

முதல் ஐந்து நிமிடம்

எண்ணெய்க் கிண்ணத்தைத் தொடும் முன் நோயாளியின் கண் மட்டத்துக்கு வாருங்கள். அவர் படுத்திருக்க, நீங்கள் தலைமாட்டில் நின்று பேசக் கூடாது. உட்கார வைத்துப் பேசுங்கள். பெயரைச் சொல்லுங்கள், மாணவர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இதை மறைப்பவர்கள் நிறையப் பேர். மாணவர் என்று தெரிந்தால் நோயாளி ஒத்துக்கொள்ள மாட்டார் என்று பயப்படுகிறார்கள். உண்மையைச் சொன்னால் பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியோடு ஒத்துக்கொள்வார்கள். ஒத்துக்கொள்ளாதவருக்கு அந்த உரிமை உண்டு.

இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "ஐயா, நான் இங்க படிக்கிற மாணவன். டாக்டர் எழுதியிருக்கிறபடி உங்க வலது தோள்லயும் முதுகுலயும் எண்ணெய் தேய்ச்சுத் தொக்கணம் செய்யணும். இருபது நிமிஷம் ஆகும். சட்டையை மட்டும் கழட்டணும். எங்க சார் பக்கத்துலயே இருப்பாங்க. நான் செய்யலாமா? இல்ல, அவங்களே செய்யட்டும்னு நினைச்சாலும் சொல்லுங்க, ஒண்ணும் தப்பில்ல." எந்த இடம், எவ்வளவு நேரம், எந்த உடை, யார் கூட இருப்பார்கள், மறுத்தால் என்ன ஆகும் என்று ஐந்தும் இதில் வந்துவிடுகின்றன. கையெழுத்து வாங்கிய ஒப்புதல் படிவம் ஃபைலில் இருப்பது நிர்வாகத்துக்கு. இந்தப் பேச்சு நோயாளிக்கு. ஒன்று இருப்பதால் இன்னொன்றை விட்டுவிட முடியாது.

பிறகு கேள்விகள். "சுகர் இருக்கா? கால் பாதம் மரத்துப் போகுதா? இன்னைக்குக் காய்ச்சல் அடிக்குதா? இந்த மாசத்துல எங்கயாவது விழுந்தீங்களா? ஆபரேஷன் எதுவும் ஆச்சா?" ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையைப் பற்றிக் கேட்டால் பலருக்குப் புரியாது. "ஹார்ட்டுக்கு மாத்திரை சாப்பிடுறீங்களா? அட்டையைக் காட்டுங்க" என்று கேளுங்கள். அட்டையில் வார்ஃபரின், குளோபிடோக்ரெல் போன்ற பெயர் இருந்தால் டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். அழுத்திய இடமெல்லாம் ரத்தம் கட்டிக்கொள்ளக்கூடும். கர்ப்பமா, மாதவிலக்கா என்ற கேள்விகளை மாணவியர்தான், திரைக்குப் பின்னால் குரலைத் தாழ்த்திக் கேட்க வேண்டும். அறையில் மூன்று மேசைகள் இருந்தால் பக்கத்து மேசைக்காரருக்கும் காது இருக்கிறது.

கேட்டு முடித்ததும் ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். தொடங்கிய ஒரு நிமிடத்துக்குள், வலிக்கும் அளவுக்கு அழுத்தும் முன்பே, "இந்த அழுத்தம் சரியா, கொஞ்சம் குறைக்கட்டுமா?" என்று கேளுங்கள். அவர் என்ன சொன்னாலும் ஒருமுறை குறைத்துக் காட்டுங்கள். சொன்னால் இந்தப் பிள்ளை கேட்கும் என்பதை அவர் உடம்பால் தெரிந்துகொள்வது அப்போதுதான். கவிழ்ந்து படுத்தவருக்கு, வலித்தால் கையை உயர்த்தும்படி சொல்லி வைக்கலாம். அதற்கு மேல் அவருடைய கால் விரல்களையும் மூச்சையும் பாருங்கள். விரல்கள் மடங்கினால், மூச்சைப் பிடித்துக்கொண்டால், வாய் "பரவாயில்லை" என்றாலும் அழுத்தத்தைக் குறைத்துவிடுங்கள்.

பட்சவாதம் வந்தவரின் கை

இதைத் தனியாக எழுதக் காரணம் இருக்கிறது. தொக்கண அறைக்கு வரும் நோயாளிகளில் பட்சவாதக்காரர்கள், அதாவது பக்கவாதம் வந்தவர்கள், கணிசமாக இருப்பார்கள். மாணவர்கள் தங்களை அறியாமல் அவர்களுக்குத் தீங்கு செய்யும் வாய்ப்பும் அதிகம்.

பக்கவாதத்தில் கை தளர்ந்து தொங்கும்போது தோள் மூட்டைப் பிடித்து வைத்திருக்கும் தசைகள் வேலை செய்வதில்லை. கையின் எடையே மூட்டைக் கீழே இழுத்து, எலும்பு குழியிலிருந்து சற்று நழுவி நிற்கும். தோள்பட்டை நுனிக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தால் ஒரு பள்ளம் தட்டுப்படும். இந்த நிலையில் இருப்பவரைப் புரட்டவோ எழுப்பவோ மணிக்கட்டைப் பிடித்து இழுத்தால் போதும், மாதக்கணக்கில் ஆறாத தோள் வலியை நீங்களே கொடுத்துவிடுவீர்கள். கூட வந்திருக்கும் மகனோ மருமகளோ பாசத்தில் அப்படித்தான் இழுத்துத் தூக்குவார்கள். அவர்களுக்கும் சொல்லிக் கொடுங்கள். ஒரு கை நோயாளியின் தோள்பட்டை எலும்புக்குப் பின்னால், இன்னொரு கை முழங்கைக்குக் கீழே தாங்கியபடி இருக்க வேண்டும். படுத்திருக்கும்போது அந்தக் கைக்கு அடியில் தலையணையோ மடித்த போர்வையோ இருக்க வேண்டும். இழுத்தல் முறையை அந்தத் தோளில் செய்ய வேண்டுமா, எவ்வளவு செய்ய வேண்டும் என்பது டாக்டரின் முடிவு.

அடுத்தது சூடு. வாத கேசரி தைலமோ உளுந்து தைலமோ, கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துத்தான் சூடேற்ற வேண்டும். அடுப்பின் மேல் நேரடியாக வைக்காதீர்கள். உணர்ச்சி குறைந்த பக்கத்தில் கொதிக்கும் எண்ணெயை ஊற்றினாலும் நோயாளி அசைய மாட்டார். கொப்புளம் சாயங்காலம் வார்டில்தான் தெரியும். முதலில் உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு, பிறகு நோயாளியின் நல்ல கையில் ஒரு சொட்டு, அவர் "சரி" என்ற பிறகுதான் பாதித்த பக்கம். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப் போனவருக்கும் இதே வரிசைதான். அவசரமான காலை வேளையில் விட்டுப்போவது பெரும்பாலும் நடுவில் உள்ள அந்த ஒரு சொட்டுதான்.

பேச்சு குழறியவரிடமும் சம்மதம் கேட்க வேண்டும். மனைவி தலையாட்டியது அவருடைய சம்மதம் ஆகாது. கண்ணை மூடித் திறக்கச் சொல்லலாம், நல்ல கையால் உங்கள் விரலை அழுத்தச் சொல்லலாம். அவருக்குக் காது கேட்கிறது, நீங்கள் பேசுவது புரியவும் கூடும். அவர் தலைக்கு மேலே நின்று "இவருக்கு எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று மற்றவரிடம் கேட்பது அவரை எவ்வளவு குறுக்கிப்போடும் என்று நினைத்துப் பாருங்கள்.

எழுதியதை மட்டும் செய்வது

தோள் இறுகி வலிக்கும் கும்பவாதத்துக்கு வந்தவர் தோளில் வேலை முடிந்ததும், "அப்படியே கழுத்துல ஒரு சொடக்கு எடுத்து விடு தம்பி, சலூன்ல எடுப்பாங்கல்ல" என்பார். எடுக்கக் கூடாது. கழுத்தை வெடுக்கென்று திருப்பும்போது மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்ததாக மருத்துவ இலக்கியத்தில் பதிவுகள் உண்டு. "அது எனக்கு எழுதிக் கொடுக்கல ஐயா, வேணும்னா டாக்டர்கிட்ட கேட்டுட்டு வாங்க" என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிடுங்கள். வர்மமும் அப்படித்தான். புத்தகத்தில் படித்த, ஆசான் ஒருவர் கையில் பார்த்த வர்மப் புள்ளியை வார்டில் சோதித்துப் பார்க்கக் கூடாது. நோயைக் கணிப்பதும் மருந்து எழுதுவதும் பதிவு பெற்ற மருத்துவரின் வேலை. அந்தப் பதிவை இன்று ஒழுங்குபடுத்துவது இந்திய மருத்துவ முறைக்கான தேசிய ஆணையச் சட்டம், 2020. நோயாளி உங்களிடம்தான் மனம் விட்டுப் பேசுவார், டாக்டரிடம் சொல்லாததைக்கூடச் சொல்வார். அதைக் கேட்டு டாக்டரிடம் சேர்ப்பது உங்கள் பொறுப்பு. பதில் சொல்வது உங்கள் பொறுப்பில் இல்லை.

சில நேரம் எழுதியிருப்பதையும் செய்யாமல் நிறுத்த வேண்டி வரும். ஒரு கால் மட்டும் வீங்கி, தொட்டால் சூடாக, ஆடுசதையை அமுக்கினால் வலி இருந்தால் ரத்தம் உறைந்திருக்கலாம். தொக்கணம் செய்தால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கும் ஆபத்து உண்டு. நெடுநாள் படுக்கையில் இருந்தவர்களிடமும் அறுவை சிகிச்சை ஆனவர்களிடமும் இதைத் தேடிப் பாருங்கள். இடுப்பு வலிக்கு வந்தவர் சிறுநீர் தெரியாமல் போகிறது, உட்காரும் இடம் மரத்திருக்கிறது என்றால் அது அன்றைக்கே பார்க்க வேண்டிய அவசரம். காய்ச்சல், நெஞ்சு வலி, தோலில் சீழ், புதிய காயம், சமீபத்து எலும்பு முறிவு எதுவானாலும் கையை எடுத்துவிட்டு டியூட்டி டாக்டரைக் கூப்பிடுங்கள். பத்து முறை கூப்பிட்டு ஒன்பது முறை ஒன்றுமில்லை என்று தெரிந்தாலும் எந்த நல்ல டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொள்பவரிடமும் பதினோராவது முறை கூப்பிடத்தான் வேண்டும்.

துணியும் திரையும்

பெண் நோயாளிக்குப் பெண், ஆண் நோயாளிக்கு ஆண் என்பது நம் சித்த, ஆயுர்வேத மருத்துவமனைகளில் இருக்கும் நல்ல வழக்கம். அது இருப்பதாலேயே மற்றதெல்லாம் சரியாகிவிட்டதாக நினைக்க வேண்டாம். ஒரு பெண் இன்னொரு பெண்ணின் முன் உடை மாற்றவும் கூச்சப்படலாம். அவர் உடை மாற்றும்போது வெளியே போய், கதவைத் தட்டிவிட்டு உள்ளே வாருங்கள். வேலை செய்யும் பாகத்தை மட்டும் திறந்து, முடித்ததும் மூடிவிட்டு, அடுத்த பாகத்தைத் திறக்க வேண்டும். தொடையிலோ இடுப்பிலோ வேலை செய்யும்போது துணியின் ஓரத்தை நோயாளியே ஒரு கையால் பிடித்துக்கொள்ளச் சொல்லலாம். எல்லை அவர் கையில் இருக்கிறது என்ற நிம்மதி அவருக்குக் கிடைக்கும். மார்பும் பிறப்புறுப்பும் இருக்கும் இடத்துக்கு உங்கள் கை போக வேண்டியதில்லை. பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளை என்றால் தாயோ தந்தையோ அறையில் இல்லாமல் தொடங்காதீர்கள். அவசர வேலையாக அவர்கள் வெளியே போனால் நீங்களும் நிறுத்திவிட்டு நில்லுங்கள்.

எண்ணெய் தேய்க்கும்போது ஆண் நோயாளிக்கு உடல் கிளர்ச்சி ஏற்படுவதும் நடக்கும். பெரும்பாலும் அது உடம்பின் அனிச்சை, நோயாளிதான் அதிகம் வெட்கப்படுவார். முகத்தில் எதையும் காட்டாமல், ஒரு துணியைக் கூடுதலாகப் போட்டுவிட்டு, கைக்கோ பாதத்துக்கோ நகர்ந்துவிடலாம். ஆனால் வேண்டுமென்றே இரட்டை அர்த்தத்தில் பேசுவது, கையைப் பிடித்து இழுப்பது, போன் நம்பர் கேட்டு வற்புறுத்துவது வேறு கதை. கையைத் துடைத்துக்கொண்டு அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். பாதியில் விட்டு வந்ததற்காக உங்களை யாரும் குறை சொல்லக் கூடாது. அதே நாளில் பொறுப்பாசிரியரிடம் சொல்லி, எழுத்திலும் கொடுங்கள். தொல்லை மூத்தவரிடமிருந்தோ மருத்துவரிடமிருந்தோ வந்தாலும் வழி உண்டு. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் பயிற்சியாளரையும் ஊழியர் கணக்கில் சேர்க்கிறது, மருத்துவமனையையும் பணியிடம் என்கிறது. சிகிச்சைக்கு வந்த பெண்ணும் அதே சட்டத்தின் கீழ் புகார் செய்யலாம். உள்ளகப் புகார்க் குழு உறுப்பினர்களின் பெயரும் எண்ணும் சுவரில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். பயிற்சியின் முதல் நாளில் அந்தப் பலகை எங்கே இருக்கிறது என்று பார்த்து வையுங்கள்.

இந்தப் படிப்பில் சேர்ந்த பிள்ளைகள், முக்கியமாகப் பெண் பிள்ளைகள், வீட்டிலும் வெளியிலும் கேட்கும் பேச்சு எனக்குத் தெரியும். 'மசாஜ் சென்டர் ரெய்டு' என்று செய்தி வரும்போதெல்லாம் சொந்தக்காரர்கள் ஒரு பார்வை பார்ப்பார்கள். அதற்குப் பயந்து படிப்பை மறைக்க வேண்டாம். சித்த மருத்துவம் புறமருந்தை முப்பத்திரண்டு வகையாகப் பிரித்துத் தொக்கணத்தையும் அதில் வைத்திருக்கிறது. பக்கவாதத்தில் முடங்கிய ஒருவரைத் தொட்டுத் தூக்கி உட்கார வைக்கும் வேலைக்குத் தலைகுனிய ஒன்றுமில்லை.

கை, தைலம், தரை

மோதிரம், வளையல், வாட்ச், கயிறு எதுவும் கையில் வேண்டாம். நகம் விரல் நுனிக்கு மேல் தெரியக் கூடாது. சென்ட் அடித்துக்கொள்ளாதீர்கள், தலைவலிக்காரர்கள் வருவார்கள். ஒவ்வொரு நோயாளிக்கு முன்னும் பின்னும் சோப்புப் போட்டு 40 முதல் 60 விநாடி கை கழுவ வேண்டும். தைலம் உங்களுக்கும் மருந்துதான் என்பதை மறக்காதீர்கள். லகு விஷமுஷ்டி தைலத்தில் எட்டி சேர்கிறது. அதைப் புண் உள்ள தோலில் தேய்க்கக் கூடாது. தேய்த்த கையோடு டிபன் பாக்ஸைத் திறக்கவும் கூடாது. தரையில் சிந்திய எண்ணெயை அடுத்த நோயாளி இறங்கும் முன் துடைக்க வேண்டும். துடைக்க ஆள் வரட்டும் என்று காத்திருந்தால் முழங்கால் வலிக்கு வந்த பாட்டி இடுப்பெலும்பு முறிந்து போவார்.

எழுதி வைப்பது

கேஸ் ஷீட்டில் "தொக்கணம் செய்யப்பட்டது, நோயாளி நலம்" என்று எழுதுவது எழுதாததற்குச் சமம். ஒரு நல்ல குறிப்பு இப்படி இருக்கும்: "வலது தோள் கும்பவாதம், நான்காம் நாள். உளுந்து தைலம், 20 நிமிடம். சிகிச்சைக்கு முன் கையைப் பக்கவாட்டில் உயர்த்தியபோது 80 டிகிரியில் வலி. பின் 90 டிகிரியில் வலி. அழுத்தலின்போது வலி அதிகம் என்றதால் பிடித்தல் மட்டும் செய்யப்பட்டது. நேற்றிரவு அந்தப் பக்கம் படுக்க முடிந்ததாகச் சொன்னார்." அடுத்த நாள் வேறு மாணவர் வந்தாலும் இதைப் படித்துவிட்டு அழுத்தாமல் இருப்பார். ஒருமுறை வாய் திறந்து சொன்ன நோயாளி அதையே மறுபடி சொல்ல வேண்டியிருக்காது. முன்னேற்றம் இல்லாத நாளில் இல்லை என்றே எழுதுங்கள். ஆசிரியரை மகிழ்விக்க டிகிரியைக் கூட்டினால் டாக்டர் தவறான தைலத்தைத் தொடர்ந்துகொண்டே போவார்.

பணமும் போனும்

சிகிச்சை முடிந்து நடக்க முடிந்த சந்தோஷத்தில் ஐம்பது ரூபாயைக் கையில் திணிப்பார்கள். மனம் நோகாமல் திருப்பிக் கொடுங்கள்: "நீங்க நடந்து வந்ததே போதும்மா." ஒருவரிடம் வாங்கினால், கொடுக்க முடியாத அடுத்தவர் தனக்குக் கவனிப்பு குறையும் என்று நினைப்பார். அவரும் வலியை மறைத்துக்கொண்டு கிடப்பார். "வீட்டுக்கு வந்து போடு தம்பி, நாளுக்கு முந்நூறு தர்றேன்" என்ற அழைப்பும் வரும். பயிற்சி முடியும்வரை போகாதீர்கள். அங்கே டாக்டர் இல்லை, கேஸ் ஷீட் இல்லை, ஏதாவது ஆனால் உங்களுக்கும் அவருக்கும் துணை நிற்க ஆள் இல்லை.

போன் லாக்கரில் இருக்கட்டும். நடக்காத நோயாளி நடந்த வீடியோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட ஆசை வரும், முகத்தை மறைத்தால் போதும் என்று தோன்றும். அவர் ஊர்க்காரருக்கு நடையும் சேலையும் போதும் அடையாளம் கண்டுபிடிக்க. அந்த வீடியோவோடு "பக்கவாதம் குணமாகும்" என்று விளம்பரம் போடுவது 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திர மருந்துகள் விளம்பரத் தடைச் சட்டத்தின் கீழ் குற்றம். அந்தச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் பக்கவாதமும் உண்டு.

லீவு எடுப்பதானால் முதல் நாளே உங்கள் நோயாளியிடம் சொல்லுங்கள், யார் வருவார்கள் என்பதையும் சொல்லுங்கள். முடிந்தால் அந்த மாணவரை அழைத்து வந்து அறிமுகம் செய்யுங்கள். எந்த இடத்தில் அழுத்தக் கூடாது என்பதை நோயாளியின் எதிரிலேயே அவருக்குச் சொல்லி, கேஸ் ஷீட்டில் காட்டிவிட்டுப் போங்கள்.